பதினோரு கோடுகளும் ஒரு காந்தக் குச்சியும்

திருவனந்தபுரம் நகரத்தில் குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீரில் பெரும்பகுதி வித்துராப் பக்கத்து மலைகளில் பிறந்தது. அங்கே பேப்பாறையில் கரமனை ஆற்றை மறித்து அணை கட்டியிருக்கிறார்கள். தேங்கிய நீர் அருவிக்கரைக்கு இறங்கி, சுத்திகரிக்கப்பட்டு, நகரத்துக்குப் போகிறது. வித்துராவுக்கு மேலே பொன்முடி. ஒரு பக்கம் போனக்காடு தேயிலைத் தோட்டம், தமிழ்க் குடும்பங்கள் தலைமுறையாக வாழ்ந்த லயங்கள், காணி மக்களின் குடியிருப்புகள். அதே ஊரில்தான் ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகமும் இருக்கிறது. நுண்ணுயிரியல் நன்றாகத் தெரிந்தவர்களும், ஊற்றுத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கிறவர்களும் ஒரே பஞ்சாயத்தில்.

அந்த மாவட்டத்தின் இன்னொரு கோடியில், கடற்கரையில் விழிஞ்ஞம். 2022 ஜூன் முதல் வாரத்தில் அங்கே பள்ளிக் குழந்தைகள் இருவருக்கு நோரோவைரஸ் தொற்று உறுதியானது. அதற்கு முந்தைய நவம்பரில் வயநாட்டின் பூக்கோடு கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவர்கள் 13 பேருக்கு இதே வைரஸ். 2023 ஜனவரியில் எர்ணாகுளம் காக்கநாட்டில் ஒரு பள்ளி. ஒவ்வொரு முறையும் செய்தித்தாள்கள் புது நோய் வந்துவிட்டது போல எழுதின. நோரோ புதிதல்ல. உலகில் ஆண்டுக்குச் சுமார் 68 கோடிப் பேரை அது படுக்க வைக்கிறது. ஏறத்தாழ 2 லட்சம் பேரைக் கொல்கிறது. நம் ஊர்களில் அது காலங்காலமாக ‘வாந்திபேதி’ என்ற பொதுப்பெயருக்குள் இருந்தது. இப்போது தனிப்பெயரோடு வெளியே வருகிறது என்றால், தேடிப் பார்க்கும் வசதி வந்திருக்கிறது என்று பொருள்.

அந்தத் தேடும் வேலையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கோவிட் காலத்துக்குப் பிறகு ஓர் எண்ணம் ஊறிப்போயிருக்கிறது: இயந்திரம் செய்தால் சரியாக இருக்கும், மனிதர் கையால் செய்வது பழைய முறை. சில ஆண்டுகள் பிப்பெட்டோடு வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், விஷயம் அத்தனை நேரானதல்ல.

முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். நோரோவுக்கு மருந்து கிடையாது, இன்னொரு வயிற்றுப்போக்கு வைரஸான ரோட்டாவுக்கும் கிடையாது. எந்த வைரஸாக இருந்தாலும் சிகிச்சை ஒன்றுதான்: உப்புச் சர்க்கரைக் கரைசல், குழந்தைக்குத் துத்தநாக மாத்திரை, தேவைப்பட்டால் டிரிப்ஸ். பிறகு எதற்குச் சோதனை? படுத்திருக்கிற குழந்தைக்காக அல்ல. நாளைக்குப் படுக்கப்போகிற குழந்தைக்காக. நோரோவின் 20 துகள்களுக்கும் குறைவாக உள்ளே போனாலே தொற்று வந்துவிடலாம் என்கிறது ஒரு கணக்கு. நோயாளியின் ஒரு கிராம் மலத்திலோ கோடி கோடியாகத் துகள்கள் வெளியேறுகின்றன. ஆல்கஹால் சானிட்டைசர் இதனிடம் அவ்வளவாகப் பலிக்காது; சோப்பும் ஓடும் தண்ணீரும் வேண்டும், தரைக்கு நல்ல செறிவுள்ள பிளீச்சிங் கரைசல் வேண்டும். வந்திருப்பது நோரோ என்று தெரிந்தால் பள்ளிச் சமையலறையில் யாரை வீட்டில் இருக்கச் சொல்ல வேண்டும், கிணற்றை என்ன செய்ய வேண்டும், எதைக் கொண்டு துடைக்க வேண்டும் என்பதெல்லாம் தெரிந்துவிடும். ஆகவே இங்கே நேரம்தான் பெரிய விஷயம். நோய் இரண்டு மூன்று நாளில் போய்விடும்; பத்து நாள் கழித்து வருகிற அறிக்கை கோப்புக்கு மட்டுமே பயன்படும்.

இந்த வைரஸ்களை முதலில் கண்டுபிடித்தது கையும் கண்ணும்தான். 1968இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து நார்வாக் ஊரில் ஒரு பள்ளியில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு வாந்தி. பாக்டீரியா எதுவும் கிடைக்கவில்லை. சேமித்து வைத்த மலத்தின் வடிநீரை, நோயிலிருந்து தேறியவரின் ரத்தச் சீரத்தோடு கலந்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார் ஆல்பர்ட் கபிகியன். சீரத்தின் எதிர்ப்புப் புரதங்கள் வைரஸ்களைக் கொத்தாகச் சேர்த்துப் பிடித்திருந்தன. அந்தக் கொத்தில் 27 நானோமீட்டர் துகள்கள். 1972இல் அது வெளியானது. அடுத்த ஆண்டு மெல்பர்னில் ரூத் பிஷப் குழுவினர் குழந்தைகளின் சிறுகுடல் திசுவில் ரோட்டாவைரஸைக் கண்டார்கள்.

நுண்ணோக்கி பொறுமையான கருவி. ஒரு மில்லிலிட்டரில் பத்து லட்சம் துகளாவது இருந்தால்தான் கண்ணில் படும். பார்க்கிறவருக்கும் பழக்கம் வேண்டும், இல்லாவிட்டால் குப்பைக்கும் வைரஸுக்கும் வித்தியாசம் தெரியாது.

ரோட்டாவுக்கு அதைவிட எளிய ஒரு கைமுறை வந்தது. அந்த வைரஸின் மரபுப்பொருள் 11 துண்டுகளாக இருக்கிறது. மலத்திலிருந்து அதைப் பிரித்தெடுத்து, ஜெல் பலகையில் மேலிருந்து மின்சாரத்தால் இழுத்தால், பெரிய துண்டு மெதுவாகவும் சிறிய துண்டு வேகமாகவும் நகரும். பிறகு வெள்ளி உப்பால் சாயம் ஏற்ற வேண்டும். 1982இல் ஹெரிங் குழுவினர் இதை நோயறியும் சோதனையாக எழுதினார்கள். இந்திய ஆய்வகங்கள் இதை மிகவும் நேசித்தன என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் விலையுயர்ந்த எதுவும் வேண்டாம். சாயத் தட்டை மெதுவாக ஆட்டிக்கொண்டே நின்றால், மங்கிய பழுப்புப் பரப்பில் கோடுகள் எழும்பி வரும். மேலே நான்கு, அடுத்து இரண்டு, ஒட்டினாற்போல் மூன்று, கீழே இரண்டு. 4-2-3-2 என்று எண்ணிப் பதினொன்று ஆகிவிட்டால் அது ஏ பிரிவு ரோட்டா. வேறெதுவும் அப்படி வராது. வரிசை மாறியிருந்தால் வேறு பிரிவு. எதைத் தேடுகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவைக்காமலே புதியதைக் காட்டிக்கொடுக்கும் குணம் அந்த ஜெல்லுக்கு உண்டு. இன்றைய பல இயந்திரங்களிடம் அந்தக் குணம் இல்லை.

பிறகு வைரஸின் புரதத்தை நிறமாற்றத்தால் காட்டும் எலிசா சோதனை வந்தது. 96 குழித் தட்டில் மஞ்சள் நிறம் வந்தால் ரோட்டா. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து 2005இல் தொடங்கிய கண்காணிப்பு வலையமைப்பு இந்தச் சோதனையை நம்பித்தான் நடந்தது. வயிற்றுப்போக்கோடு மருத்துவமனையில் சேர்ந்த ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் சுமார் 39 சதவீதம் பேருக்கு ரோட்டா என்று அது காட்டியது. அந்த எண்ணிக்கை கையில் இருந்ததால்தான் 2016இல் ரோட்டா சொட்டு மருந்து இந்தியாவின் இலவசத் தடுப்பூசித் திட்டத்துக்குள் நுழைவதற்கான வாதம் வலுவாக நின்றது.

நோரோ இப்படியெல்லாம் பிடிபடவில்லை. வகைகள் அதிகம், உருமாற்றமும் அதிகம். ஆய்வகத் தட்டில் மனித நோரோவை வளர்க்கவே 2016 வரை யாராலும் சரியாக முடியவில்லை. அதனால் நோரோ என்றாலே ஆர்டி-பிசிஆர்தான்: வைரஸின் ஆர்என்ஏவைப் பிரித்தெடுத்து, டிஎன்ஏ ஆக்கி, அதை இரட்டித்து இரட்டித்துப் பெருக்கி, ஒளிர வைப்பது. கையா இயந்திரமா என்ற போட்டி உண்மையில் நடப்பது இதன் முதல் படியில், லேப்காரர்கள் ‘எக்ஸ்ட்ராக்‌ஷன்’ என்று சொல்கிற பிரித்தெடுப்பில்.

அதைக் கையால் செய்வது எப்படி என்று சொல்கிறேன். மலத்தைப் பத்து சதவீதக் கரைசலாகக் கலக்கி, சுழற்றி, மேலே தெளிந்த நீரை எடுக்க வேண்டும். அதில் 140 மைக்ரோலிட்டர், அதாவது மூன்று சொட்டு அளவு, ஒரு சிறு குழாயில் இருக்கும் குவானிடின் கரைசலுக்குள் போகும். வைரஸின் கூடு பத்து நிமிடத்தில் உடைந்துவிடும். பிறகு ஆல்கஹால். பிறகு அந்தக் கலவையைச் சிலிக்கா சவ்வு பொருத்திய குட்டிப் புனலில் ஊற்றிச் சுழற்றினால் ஆர்என்ஏ மட்டும் சவ்வில் ஒட்டிக்கொள்ளும். குவானிடின் இருக்கும்போது மரபுப்பொருள் சிலிக்காவைப் பற்றிக்கொள்ளும், அது போய்விட்டால் விட்டுவிடும். 1990இல் டச்சு ஆய்வாளர் பூம் நடைமுறைக்குக் கொண்டுவந்த இந்த உத்தியில்தான் இன்றைக்கும் பாதி உலகம் ஓடுகிறது. இரண்டு முறை கழுவிவிட்டு, கடைசியில் 60 மைக்ரோலிட்டர் தெளிந்த நீரில் ஆர்என்ஏவை இறக்கிக்கொள்ளலாம்.

ஒரு மாதிரிக்கு எட்டுத் தடவையாவது பிப்பெட் அழுத்த வேண்டும். 24 மாதிரி என்றால் 190 தடவைக்கு மேல். ஒவ்வொரு தடவையும் பிப்பெட்டுக்குப் புது முனை, அதாவது டிப். ஒவ்வொரு மூடியைத் திறக்கும்போதும் விரல் உள்விளிம்பில் படக்கூடாது. கட்டைவிரலின் அடிப்பகுதி கடைசி வரிசைக்கு வரும்போது வலிக்கத் தொடங்கும். கவனம் சிதறுவதும் அங்கேதான். நான் வேலை பார்த்த ஓர் ஆய்வகத்தில் ஒருநாள், வெறும் தண்ணீர் மட்டும் போட்ட கட்டுப்பாட்டுக் குழாயில் பிசிஆரின் முப்பத்தைந்தாவது சுற்றில் ஒளிக்கோடு மேலே எழும்பியது. தண்ணீரில் வைரஸ் இருக்க வழியில்லை. எங்கோ ஒரு மூடி, ஒரு டிப், ஒரு துளி. அன்றைய 24 முடிவுகளையும் தள்ளிவிட்டு மறுநாள் முதலிலிருந்து செய்தோம். அதில் இரண்டு மாதிரிகளில் மீதம் இல்லை. அந்த இரண்டு வீட்டுக்கும் முடிவு போகவே இல்லை என்பது இன்னும் மனதில் நிற்கிறது.

இயந்திரம் இதே வேதியியலைத்தான் செய்கிறது. சவ்வுக்குப் பதிலாகச் சிலிக்கா பூசிய காந்த மணிகள், இரும்புத் துகள் போட்ட காப்பித்தண்ணீர் நிறத்தில். பிளாஸ்டிக் உறை போட்ட காந்தக் குச்சிகள் 96 குழிகளுக்குள் ஒரே நேரத்தில் இறங்கும். காந்தம் உறைக்குள் வந்தால் மணிகள் ஒட்டிக்கொள்ளும், விலகினால் உதிரும். கழுவுநீர்த் தட்டு, அடுத்த கழுவுநீர்த் தட்டு, இறுதித் தட்டு என்று மணிகளை ஏற்றி இறக்கி, ஒரு மணி நேரத்துக்குள் 96 மாதிரிகள் முடிந்துவிடும். காலையில் செய்தாலும் இரவு ஒன்பதுக்குச் செய்தாலும் ஒரே மாதிரி. அதன் கட்டைவிரல் வலிக்காது. இயந்திரத்தின் பெரிய சிறப்பாக வேகத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு இந்தச் சீர்மைதான் பெரிதாகப் படுகிறது. இன்று விழிஞ்ஞத்தில் வந்த அளவையும் ஆறு மாதம் கழித்து வயநாட்டில் வந்த அளவையும் ஒப்பிட வேண்டுமானால் இரண்டும் ஒரே விதமாகப் பிரித்தெடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

அந்த அளவை எப்படிப் படிக்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிசிஆரில் ஒவ்வொரு சுற்றுக்கும் பொருள் இரட்டிக்கிறது. எத்தனையாவது சுற்றில் ஒளி கோட்டைத் தாண்டுகிறது என்பதுதான் கோவிட் காலத்தில் எல்லோர் வாயிலும் அடிபட்ட ‘சிடி வேல்யூ’. 3.3 சுற்று முன்னால் தாண்டினால் வைரஸ் பத்து மடங்கு அதிகம். ஆக, பிரித்தெடுப்பில் பாதி ஆர்என்ஏ சிந்திப்போனாலும் சிடி ஒரே ஒரு சுற்றுத்தான் தள்ளிப்போகும். இதனால்தான் நன்றாகச் செய்த கைமுறையும் நன்றாகச் செய்த இயந்திர முறையும் பெரும்பாலான ஒப்பீடுகளில் ஏறக்குறையச் சமமாக வருகின்றன. வித்தியாசம் தெரிவது விளிம்பில், வைரஸ் மிகக் குறைவாக இருக்கும் மாதிரிகளில்.

மலம் ரத்தத்தைப் போலவோ மூக்குச் சளியைப் போலவோ நல்ல பிள்ளையல்ல. பித்த உப்பும், சாப்பாட்டிலிருந்து வந்த சிக்கலான மாவுப்பொருள்களும் பிசிஆர் நொதியை முடக்கிவிடும். வைரஸ் நிறைய இருந்தும் ‘இல்லை’ என்று வரும். இதைப் பிடிக்க, ஒவ்வொரு மாதிரியிலும் தெரிந்த ஒரு வைரஸை, பெரும்பாலும் மனிதருக்குத் தீங்கு செய்யாத எம்எஸ்2 என்ற பாக்டீரியா வைரஸை, வேண்டுமென்றே சேர்த்து வைப்பார்கள். அது கடைசியில் தெரியவில்லை என்றால் அந்த ‘இல்லை’யை நம்பக்கூடாது. கையால் செய்கிறவர் கரைசல் வழக்கத்தைவிட அடர்ந்திருப்பதைப் பார்த்ததுமே, இன்னொரு தடவை சுழற்றுவார், அல்லது பத்து மடங்கு நீர்க்க வைத்துப் பார்ப்பார். இயந்திரத்துக்கு நிறம் தெரியாது. உறிஞ்சி ஊற்றும் வகை இயந்திரமானால் திப்பியில் அதன் டிப் அடைத்துக்கொள்ளும். மணிகள் கொஞ்சம் இறுதித் தட்டில் தங்கிவிட்டால் அதுவே பிசிஆரைக் கெடுக்கும். கைமுறையில் ஆல்கஹால் காயாமல் போனாலும் அதே கேடு. தவறின் வடிவம்தான் வேறு: மனிதர் 24இல் ஒன்றைக் கெடுப்பார், கரைசலை மாற்றி ஊற்றிய தட்டோடு ஓடும் இயந்திரம் 96ஐயும் ஒரே சீராகக் கெடுக்கும்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். இயந்திரத்தின் வேலை தட்டிலிருந்துதான் தொடங்குகிறது. டப்பாவிலிருந்து மலத்தை எடுத்து, கரைத்து, சுழற்றி, குழியில் ஊற்றும் வேலை இன்றைக்கும் ஒரு லேப் டெக்னீஷியனின் கையில்தான் இருக்கிறது. அந்த மேசையை நோரோவுக்காகப் பிளீச்சில் துடைக்க வேண்டும். ஆனால் குவானிடின் கழிவில் பிளீச் ஊற்றினால் நச்சுவாயு எழும். இரண்டும் ஒரே அடி இடைவெளியில் இருக்கும் மேசை அது. தானியங்கி என்ற சொல்லுக்குப் பின்னால் இவர்கள் மறைந்துபோவதை நான் ஒப்பவே மாட்டேன்.

மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது: பிரித்தெடுப்பு முதல் முடிவு வரை எல்லாவற்றையும் ஒரே உறைக்குள் அடக்கியது. காசநோய்க்காக நம் அரசு மருத்துவமனைகளில் இருக்கும் ஜீன்எக்ஸ்பர்ட்டில் நோரோவுக்கும் தனிக் கார்ட்ரிட்ஜ் உண்டு. சுமார் ஒன்றரை மணி நேரம். பயோஃபயர் என்ற இன்னொரு கருவியின் பேனல் ஒரு மணி நேரத்தில் 22 கிருமிகளைத் தேடுகிறது. அதில் நோரோ, ரோட்டா, ஆஸ்ட்ரோ, சப்போ, அடினோ என ஐந்து வைரஸ்கள். உறை திறக்காது என்பதால் கலப்படப் பயம் மிகக் குறைவு, பெரிய பயிற்சியும் வேண்டாம். ஆனால் ஒரு சோதனைக்குப் பல ஆயிரம் ரூபாய். ஒரே கம்பெனியின் உறைதான் பொருந்தும். அது வரத் தாமதமானால் இயந்திரம் வெறும் அலமாரிதான்.

22 கிருமிகளையும் ஒன்றாகத் தேடுவதில் வேறொரு சிக்கலும் இருக்கிறது. வேலூர் உட்பட எட்டு இடங்களில் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து பார்த்த மால்-எட் ஆய்வில், வயிற்றுப்போக்கு இல்லாத நாள்களின் மலத்திலும் கிருமிகள் தாராளமாக இருந்தன. நோரோ வந்து போனவர் தேறிய பிறகும் வாரக்கணக்கில் அதை வெளியேற்றுவார். ஆகவே ‘இருக்கிறது’ என்பது ‘இதனால்தான்’ ஆகிவிடாது. கொல்கத்தா உட்பட ஏழு இடங்களில் நடந்த ஜெம்ஸ் என்ற வயிற்றுப்போக்கு ஆய்வின் பழைய மாதிரிகளை அளவறியும் பிசிஆரால் மறுபடி சோதித்து 2016இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். காரணம் சொல்ல முடிந்த வயிற்றுப்போக்கின் பங்கு ஏறக்குறைய 52 சதவீதத்திலிருந்து 89 ஆனது. கிருமி உண்டா இல்லையா என்று மட்டும் கேட்காமல், எவ்வளவு என்று கேட்டதால் கிடைத்த விடை அது.

இப்போது மறுபடியும் வித்துராவுக்கு வருவோம். போனக்காட்டுப் பக்கம் ஒரு லயத்தில், ஒரு சனிக்கிழமை ராத்திரி எட்டுப் பேருக்கு வாந்திபேதி என்று வைத்துக்கொள்ளுங்கள். மலைப்பாதையில் இறங்கி வித்துரா ஆஸ்பத்திரி, அங்கிருந்து நகரம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். தோன்னக்கல்லில் 2019இல் திறந்த வைராலஜி நிறுவனம் இதே மாவட்டத்தில் இருக்கிறது. ஆலப்புழையில் தேசிய வைராலஜி நிறுவனத்தின் கிளை, நகரத்திலிருந்து இன்னும் 150 கிலோமீட்டர். எட்டு மாதிரிக்கு 96 குழி இயந்திரம் தேவையில்லை. அனுபவமுள்ள ஒருவர் கையால் ஒன்றரை மணி நேரத்தில் பிரித்துவிடுவார். இயந்திரம் காத்திருந்து தட்டு நிறைந்த பிறகு ஓட்டினால் அதில் மிச்சமாவது ஒன்றுமில்லை. இதே வாந்திபேதி 300 பேர் தங்கும் விடுதியில் வந்தால் கதை தலைகீழ். அப்போது கையை நம்பி உட்கார்ந்தால் மூன்று நாள் போய்விடும்.

என் முடிவு இதுதான். சிறு கொத்துக்குக் கை, பெரும் பரவலுக்கும் தொடர் கண்காணிப்புக்கும் இயந்திரம், இரவு நேர அவசரத்துக்குக் கார்ட்ரிட்ஜ். கோவிட்டுக்காக வாங்கிய பிரித்தெடுப்பு இயந்திரங்களையும் பிசிஆர் கருவிகளையும் வயிற்று வைரஸ்களுக்குத் திருப்புவது கடினமான வேலையல்ல. வேதியியல் அதேதான், நோரோவை மட்டும் அடையாளம் காணும் பிரைமரும் தரக்கட்டுப்பாடும் பயிற்சி பெற்ற ஆளும் வேண்டும். 2020 ஜனவரியில் திருச்சூரின் முதல் கோவிட் மாதிரி புனேவுக்குப் போய்த்தான் முடிவு சொல்லப்பட்டது. சில மாதத்துக்குள் மாவட்டந்தோறும் சோதனை நடந்தது. செய்து காட்டிய காரியம் அது.

ஆனால் எந்த முறையானாலும் அது சுருக்குவது நடுவிலுள்ள சில மணி நேரத்தைத்தான். கழிப்பறையிலிருந்து ஆய்வக மேசை வரையிலான நேரம் நம் கையில் இருக்கிறது. பெரும்பாலான மாதிரிகள் தொலைவது அங்கேதான். வாந்திபேதி என்றதும் வீட்டில் எல்லாவற்றையும் கழுவி ஊற்றிவிடுகிறோம், கேட்டால் வெட்கப்படுகிறோம். ஆய்வகமே எட்டாத இடத்துக்கு 1982இல் கப்லான் ஓர் அளவுகோல் கொடுத்திருக்கிறார்: பாதிப்பேருக்கு மேல் வாந்தி, சாப்பிட்ட ஒன்று இரண்டு நாளில் தொடக்கம், அரை நாள் முதல் இரண்டரை நாளில் முடிவு, பாக்டீரியா சோதனையில் ஒன்றும் இல்லை. நான்கும் பொருந்தினால் நோரோ என்று வைத்துக்கொண்டு உடனே வேலையைத் தொடங்கலாம். இதற்கு வேண்டியது ஒரு நோட்டும் பேனாவும், யார் எப்போது வாந்தி எடுத்தார்கள் என்று கேட்டு எழுத ஓர் ஆஷா பணியாளரும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவிலோ விடுதியிலோ பள்ளியிலோ ஒரே நாளில் பலருக்கு வாந்திபேதி வந்தால், சுகாதாரப் பணியாளர் வந்து டப்பா நீட்டும்போது தயங்காமல் மாதிரி கொடுங்கள். முதல் இரண்டு நாளுக்குள் கொடுங்கள். ஒருவர் போதாது, ஐந்து பேராவது கொடுங்கள். எடுத்த டப்பாவைச் சாப்பாட்டுப் பொருள் இல்லாத ஐஸ் பெட்டியில் வையுங்கள், உறைய விடாதீர்கள். மூடியின் மேல் பெயரும், நோய் தொடங்கிய தேதியும் நேரமும் எழுதுங்கள்.